கிருபை என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்: பண்டித ரமாபாயையும் பாமாவையும் முன்வைத்து

1

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சனிக்கிழமைதோறும் வேதபாடம் நடத்துகிறவள் நான். பீடித் தட்டை மூடி வைத்துவிட்டு, விரலில் புகையிலை வாசனையோடு வந்து உட்காருகிற பெண்கள்தான் என் வகுப்பில் பெரும்பான்மை. அவர்களில் ஒருவரை இங்கே அக்கா என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வயதில் என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கணவரின் அடி பொறுக்க முடியாமல், அக்கா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். அந்த வாரமே சபைப் பெரியவர்கள் கூடினார்கள். கணவர் உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்று அழுதார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, தேவனுடைய கிருபை தன்னைக் குடியிலிருந்து தூக்கி எடுத்தது என்று சாட்சி சொன்னார். சபையே மகிழ்ந்தது. புகாரைத் திரும்பப் பெறும்படி அக்காவிடம் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் பேசினேன். எழுபது தரம் ஏழு தரம் மன்னிப்பதைப் பற்றிப் பேசினேன். அன்பு எல்லாவற்றையும் தாங்கும் என்று பேசினேன். தாங்குவதற்கு வேண்டிய கிருபையை ஆண்டவர் தருவார் என்று பேசினேன். துணைக்குக் காவல் நிலையத்துக்கும் போனேன். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அக்கா கேட்டார்:

“கிருபை கிருபைன்னு சொல்லுதியளே டீச்சர், அது அவுகளுக்கு ஒரு மாதிரியும் எனக்கு ஒரு மாதிரியும் இருக்கே, ஏன்?”

என்னிடம் பதில் இல்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் வகுப்பு எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் இரண்டு நூல்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்று, பண்டித ரமாபாய் 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய சாட்சி நூல். மற்றொன்று, பாமாவின் ‘கருக்கு’ (1992). இரண்டுமே கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் விசுவாசத்தைப் பற்றி எழுதியவை. இரண்டிலுமே திருச்சபையோடு தீராத வழக்கு இருக்கிறது. அக்காவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தபோது எனக்குத் தெரிய வந்ததை இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அது ‘காரிஸ்’. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘காரா’ என்ற சொல்லுக்கு உறவுக்காரச் சொல். தகுதி பார்க்காமல், விலை கேட்காமல் கிடைக்கும் கொடை என்று பவுல் அதற்குப் பொருள் விரிக்கிறார். புரொட்டஸ்டண்டுகள் வழிவழியாகப் படித்துவரும் தமிழ் வேதாகமம் இதைக் ‘கிருபை’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அருள்’ என்கிறது.

பழைய ஏற்பாட்டில் ‘ஹெசெட்’ என்று ஓர் எபிரேயச் சொல் வருகிறது. உடன்படிக்கை செய்துகொண்டவர்கள் ஒருவரையொருவர் கைவிடாமல் நிற்கும் அன்பை, குறிப்பாக வலியவர் எளியவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் உறுதியை, அது பல இடங்களில் குறிக்கிறது. திருவிவிலியம் இதைப் ‘பேரன்பு’ என்று பிரித்துக் காட்டுகிறது. எங்கள் பழைய மொழிபெயர்ப்பிலோ பல இடங்களில் இதுவும் கிருபைதான். மேலிருந்து இறங்கும் கொடையும், வலியவர் காப்பாற்ற வேண்டிய வாக்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அதனால் எங்கள் காதில் கொடைதான் விழுகிறது. வாக்குக் கொடுத்தவருக்கு ஒரு கடமை உண்டு என்பது விழுவதில்லை. திருமணமும் ஓர் உடன்படிக்கை என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் பிரசங்கம் செய்கிறோம். உடன்படிக்கையை முதலில் முறித்தவர் யார் என்று அக்காவின் வீட்டுக்குப் போன ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா சொன்ன ‘ஒரு மாதிரி’க்குப் பொருள் இதுதான். அதே சொல் கணவருக்கு வரும்போது மன்னிப்பு ஆகிறது, கணக்குத் தீர்ந்துபோகிறது. அக்காவுக்கு வரும்போது பொறுமை ஆகிறது, கணக்குத் தொடங்குகிறது. கணவரின் கிருபை நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது. அக்காவின் கிருபை இனி நடக்கப்போகும் அடிகளைப் பற்றியது.

இந்தப் பிளவை இறையியலுக்குள்ளிருந்து சுட்டியவர்கள் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர் 1937இல் எழுதிய சீடத்துவம் பற்றிய நூலில் ‘மலிவான கிருபை’ என்று ஒன்றைச் சாடுகிறார். மனந்திரும்புதல் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பை, வாழ்க்கையில் எதையும் மாற்றாத விசுவாசத்தை, அவர் அந்தப் பெயரால் அழைத்தார். ஹிட்லரின் ஆட்சியோடு ஒத்துப்போன திருச்சபையை முன்னால் வைத்து எழுதப்பட்ட நூல் அது. எழுதியவர் 1945இல் நாஜிகளால் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சொல்லை எங்கள் சபைக்குக் கொண்டுவரும்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பெறுகிறவருக்குத்தான் அந்தக் கிருபை மலிவு. அதற்கும் விலை உண்டு. கட்டுகிறவர் பீடி சுற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

1960இல் அமெரிக்காவில் வேலரி செய்விங் எழுதிய ஒரு கட்டுரை, பெண்ணிய இறையியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அன்றைய பெரிய இறையியலாளர்கள், குறிப்பாக ரைன்ஹோல்ட் நீபரும் ஆண்டர்ஸ் நீக்ரனும், பாவத்தின் வேர் அகந்தை என்றும், அன்பின் உச்சம் தன்னை முழுதும் ஒப்புக்கொடுப்பது என்றும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இது யாருடைய அனுபவம் என்று செய்விங் கேட்டார். ஆணின் சோதனை தன்னைப் பெரிதாக்கிக்கொள்வதாக இருக்கலாம். பெண்ணின் சோதனையோ தன்னைச் சிதறவிடுவது, பிறர் வழியாக மட்டுமே தன்னை அறிவது, கடைசியில் தான் என்று ஒன்று இல்லாமலே போய்விடுவது. அப்படிப்பட்டவளிடம் போய் ‘உன்னை வெறுமையாக்கு’ என்று பிரசங்கிப்பது, ஒருவர் நோய்க்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பது போன்றது. நான் அக்காவுக்குக் கொடுத்தது அந்த மருந்தைத்தான்.

ஆனால் செய்விங் ‘பெண்’ என்று ஒருமையில் பேசுகிறார். வீட்டுக்குள் இருக்கும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்ணின் அனுபவத்தை எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக்கிவிட்டார் என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். அதனால்தான் மேற்கின் இறையியலோடு நின்றுவிடாமல் ரமாபாயிடமும் பாமாவிடமும் போக வேண்டியிருக்கிறது.

3

ரமாபாய் 1858இல் பிறந்த சித்பவன் பிராமணப் பெண். தந்தை ஊரை எதிர்த்து மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்பித்தார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, அண்ணனோடு நாடெங்கும் நடந்து புராணம் சொல்லிப் பிழைத்தார். 1878இல் கல்கத்தாவின் அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். சாதி கடந்து மணந்த கணவர் இரண்டே ஆண்டுகளில் காலராவில் இறந்தார். கைக்குழந்தையோடு 1883இல் இங்கிலாந்து போனவர், அந்த ஆண்டே அங்கு ஞானஸ்நானம் பெற்றார்.

1907இல் எழுதிய சாட்சி நூலில் அவர் தன் மனமாற்றத்தை விவரிக்கும் இடம் கவனமாக வாசிக்க வேண்டியது. எந்தக் கோட்பாட்டையும் கேட்டு அவர் மனம் திரும்பவில்லை. வேன்டேஜ் நகரத்து ஆங்கிலிக்கன் கன்னியர் லண்டனில், ‘கெட்டுப்போனவர்கள்’ என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்காக ஒரு விடுதி நடத்திவந்தார்கள். அங்கே அழைத்துச் செல்லப்பட்ட ரமாபாய், அந்தப் பெண்கள் அன்போடு நடத்தப்படுவதைப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசிய கிறிஸ்துவின் கதையை ஒரு கன்னியர் சொன்னார். தான் படித்த சாஸ்திரங்கள் எதிலெதிலோ முரண்பட்டாலும், பெண் என்பவள் இயல்பிலேயே கெட்டவள், அவளுக்கு நேரடியாக மோட்சம் இல்லை என்பதில் மட்டும் ஒத்துப்போனதாக ரமாபாய் அதே நூலில் எழுதுகிறார். அந்தச் சாஸ்திரங்களை மனப்பாடமாக அறிந்த ஒருவருக்கு, கிருபை என்பது முதலில் ஒரு வீடாகத்தான் கண்ணில் பட்டது. ஒரு பெண் அடிபடாமல் தூங்கக்கூடிய வீடு.

ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான் சிக்கல். கன்னியரான ஜெரால்டினும் ஆயர்களும் அவரிடம் எதிர்பார்த்தது பணிவு. அவரோ கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். திரித்துவத்தை அவர்கள் சொன்னபடி ஒப்புக்கொள்ளத் தயங்கினார். இந்தியக் கிறிஸ்தவர் அணியும் சிலுவையில் இலத்தீன் எழுத்து எதற்கு என்று கேட்டார். செல்ட்டன்ஹாம் கல்லூரியில் இருந்தபோது, ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் சொல்லித்தரலாம் என்ற யோசனை எழுந்தது. இந்தியாவில் இருந்த ஆயர்கள் அதற்குத் தடை சொன்னார்கள். தன் நாட்டில் ஆண்கள் நிறைந்த சபைகளில் பேசியவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். 1885இல் எழுதிய ஒரு கடிதத்தில், எவ்வளவோ பாடுபட்டு இந்தியப் புரோகிதர்களின் நுகத்திலிருந்து வெளியே வந்த நான், இன்னொரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தில் தலையைக் கொடுக்கமாட்டேன் என்ற கருத்தைத் தெளிவாகச் சொல்கிறார்.

இந்தக் கடிதங்களை வாசிக்கும்போது, கிருபையைப் பற்றிய இரண்டு புரிதல்கள் மோதுவது தெரிகிறது. ஜெரால்டினுக்குக் கிருபை என்பது நன்றிக்கடன். பெற்றவள் அடங்கி நடக்க வேண்டும். ரமாபாய்க்கோ, கிருபை தகுதி பார்க்காமல் வருகிறது என்றால், அதைக் காட்டி எவரும் எவரையும் அடக்க முடியாது. கடனாக வந்திருந்தால்தானே வட்டி கேட்க முடியும்? இருவரில் பவுலுக்கு நெருக்கமாக நிற்பவர் ரமாபாய்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்தவ மதத்தைக் கண்டுகொண்டேனே தவிர கிறிஸ்துவைக் கண்டுகொள்ளவில்லை என்று உணர்ந்ததாகச் சாட்சி நூலில் ஒப்புக்கொள்கிறார். உண்மையான விசுவாசம் என்று நாம் பேசும்போது இந்த ஒப்புதலை மறக்கக்கூடாது. மதம் மாறியதற்காகத் தாய்நாட்டில் வசை வாங்கியவர், பணம் தரும் வெளிநாட்டுக் கிறிஸ்தவர்கள் வாசிக்கப்போகும் நூலில், இத்தனை ஆண்டுகள் எனக்கு அது இல்லை என்று எழுதுகிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாட்சிகளில் கேட்காத குரல் இது. அங்கே எல்லாம் ஒரே இரவில் நடந்து முடிந்துவிடுகிறது.

1889இல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாறியது. 1896–97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களிலிருந்து பசியோடு வந்த சிறுமிகளையும் இளம் விதவைகளையும் புனேக்கு அருகில் உள்ள கேட்காவுக்கு அழைத்து வந்தார். அங்கே முக்தி உருவானது. வயல், கிணறு, நெசவு, அச்சுக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன, வேலை செய்தவர்கள் பெண்கள். எபிரேயமும் கிரேக்கமும் கற்று ரமாபாய் செய்த மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பும் அந்த அச்சுக்கூடத்தில்தான் அச்சானது. முக்தியின் வளாகத்தில், லண்டனில் அவர் பார்த்த பெண்களைப் போன்றவர்களுக்கென்று தனியாக ஒரு வீடு இருந்தது. அதன் பெயர் கிருபா சதன்.

இந்தப் பெயரை முதன்முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அக்காவுக்குக் கொடுத்த அதே சொல்லுக்கு, இங்கே ஒரு கூரையும் ஒரு கதவும் இருந்தன. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம்.

ரமாபாயைப் புனிதராக்குவது என் நோக்கம் இல்லை. 1893இல் சாரதா சதனில் மதமாற்றம் நடக்கிறது என்று புயல் கிளம்பியபோது, ரானடே, பண்டார்கர் போன்றவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். ஒரு பெண் தன் மதத்தைத் தானே தேர்ந்துகொண்டதைச் சகிக்காத ஆண் கோபம் அதில் இருந்தது உண்மை. ஆனால் முக்தியைப் பற்றி வேறொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பஞ்சத்தில் சோறு போட்டுக் காப்பாற்றியவரின் மதத்துக்கு வந்த சிறுமி எந்த அளவுக்குத் தானாக வந்தவள்? சோற்றோடு வரும் கிருபை விலையில்லாத கிருபைதானா? ரமாபாய் ஜெரால்டினிடம் கேட்ட கேள்வியை முக்தியின் சிறுமி ஒருத்தி ரமாபாயிடம் கேட்டிருக்க முடியுமா? அந்தச் சிறுமியின் பக்கத்தை எழுத, எளிய சாதியில் பிறந்து, வாங்குகிற கையாக இருந்த ஒருத்தி வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்குக் ‘கருக்கு’ தேவைப்பட்டது.

4

‘கருக்கு’வைத் தலித் தன்வரலாறு என்று பாடத்திட்டங்களில் வைக்கிறார்கள். அது சரிதான். ஆனால் அது ஒரு விசுவாச நூல் என்பதை வகுப்பறைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. நூலின் பெயரே இரண்டு பக்கமும் அறுக்கும் பனங்கருக்கையும், எபிரெயர் நிருபத்தில் வரும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தையும் சேர்த்து நினைவூட்டுவது.

நூலில் கொடை என்பது எப்படிக் காட்டப்படுகிறது என்று கவனியுங்கள். நாயக்கர் வீட்டு வேலைக்குப் போகும் பாட்டிக்கு மிச்சச் சோறு கிடைக்கிறது. தொட்டுவிடாத உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றப்படுகிறது. நமக்குப் படியளக்கிற மகராசர்கள் என்று பாட்டி அவர்களைக் கொண்டாடுகிறார். மேலிருந்து கீழே, தகுதி இல்லாதவர் என்று கருதப்படுகிறவருக்கு, விலை வாங்காமல் ஊற்றப்படும் ஒன்று. இலக்கணப்படி பார்த்தால் கிருபைக்கு நாம் சொல்லும் வரையறை அத்தனையும் இதற்குப் பொருந்திவிடும். அந்த வரையறையில் ஏதோ தவறு இருக்கிறது என்று அந்தக் காட்சி எனக்குக் காட்டியது. உழைப்பை முதலில் எடுத்துக்கொண்டுவிட்டு, மிச்சத்தைத் திருப்பித் தந்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிறார்கள். கொடுப்பவர் எங்கே நிற்கிறார், எந்த உயரத்திலிருந்து ஊற்றுகிறார் என்பதைச் சொல்லாமல் கொடையைப் பற்றிப் பேசக்கூடாது.

மடத்தில் சேர்ந்த பாமா இதே உயரத்தை அங்கேயும் பார்க்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்ற நம்பிக்கையோடு போனவருக்கு, வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வாய்க்கிறது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். ஏழ்மையிலேயே பிறந்தவரை ஏளனமாகப் பேசுகிறார்கள். நடைமுறையில் மிஞ்சுவது கீழ்ப்படிதல் ஒன்றுதான். அன்பும் பொறுமையும் பணிவும் உள்ள இயேசுவைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறவர்கள், அநீதியைக் கண்டு கோபப்பட்ட இயேசுவை, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்ற இயேசுவைச் சொல்லித் தருவதில்லை என்பது பாமாவின் மையமான குற்றச்சாட்டு. அந்த இயேசுவை அவர் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

செய்விங் சொன்னதற்கு இங்கே ஒரு திருத்தம் கிடைக்கிறது. தன்னை அழித்துக்கொள்ளச் சொல்லும் உபதேசம் எல்லாப் பெண்களையும் ஒரே இடத்தில் தாக்குவதில்லை. மடத்துக்குள் எல்லோரும் பெண்கள்தான். உத்தரவிடுகிறவரும் பெண், கீழ்ப்படிகிறவரும் பெண். இருந்தும் யார் பொறுத்துப்போக வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. பொறுமை எப்போதும் உயரம் குறைந்த பக்கத்திடம்தான் கேட்கப்படுகிறது.

இதை எழுதும்போது எனக்கு நானே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்காவும் நானும் ஒரே சபை, ஆனால் ஒரே தெரு இல்லை. என் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால், எனக்குப் புத்தி சொல்ல ஒரு பீடித் தொழிலாளியைச் சபை அனுப்பியிருக்குமா? டீச்சர் சொன்னால் கேட்பார் என்றுதான் என்னை அனுப்பினார்கள். நானும் டீச்சராகத்தான் போனேன். நான் ஊற்றியதும் அந்த உயரத்திலிருந்துதான்.

பாமா மடத்தை விட்டு வெளியே வருகிறார். வேலை இல்லை, கையில் காசு இல்லை, அடுத்து என்ன என்று தெரியாத நிலையில் நூல் முடிகிறது. வெற்றிச் சாட்சியின் இலக்கணத்துக்கு இது பொருந்தாது. சபையில் எழுந்து நின்று இப்படி ஒரு சாட்சியைச் சொன்னால், ‘இன்னும் ஜெபியுங்கள்’ என்று உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் ரமாபாயின் எட்டு ஆண்டு ஒப்புதலுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். இருவரும் தங்கள் பாதுகாப்பைப் பணயம் வைத்து ஒரு பொய்யைச் சொல்ல மறுக்கிறார்கள். மாயமற்ற விசுவாசம் என்று வேதம் ஒன்றைச் சொல்கிறதே, அதற்கு நான் கண்ட உதாரணங்கள் இவை. கீழ்ப்படிதலை வைத்து விசுவாசத்தை அளக்கிற வழக்கத்தில் இந்த இரண்டு பேருமே தோற்றுப்போவார்கள்.

5

கிருபை என்ற சொல்லைக் கைவிட்டுவிடலாமா? என் மாணவிகள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. லூக்கா சுவிசேஷத்தில் அந்தச் சொல் முதலில் ஒரு இளம்பெண்ணைத்தான் தேடி வருகிறது. கிருபை பெற்றவள் என்று தேவதூதன் அவளை அழைக்கிறான். அவள் தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டதை எங்கள் பிரசங்கங்கள் ஒருபோதும் மறப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பின்னால், உறவுக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டுப் பாடினாள். அரியணையில் இருப்பவர்கள் கீழே தள்ளப்படுவதையும், பசித்தவர்கள் நிறைவதையும், பணக்காரர்கள் வெறுங்கையோடு போவதையும் பற்றிய பாட்டு அது. கிருபை பெற்ற பெண்ணின் வாயிலிருந்து முதலில் வந்த பாட்டில் பொறுமை என்ற சொல்லே இல்லை.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு வெளிச்சம் உண்டு. அருள் என்பது அன்பு பெற்ற குழந்தை என்றும், பொருள் என்னும் செவிலித்தாய் இல்லாமல் அது வளராது என்றும் வள்ளுவர் ஒரு குறளில் சொல்கிறார். அந்தக் குறள் அருளுடைமை அதிகாரத்தில் இல்லை. பொருள் செயல்வகையில் இருக்கிறது. இரக்கம் காட்டவும் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அதன் நேர்ப்பொருள். நான் அதைப் பெறுகிறவளின் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன். ஒரு பெண்ணிடம் அருளைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவள் இரவு எங்கே தூங்குவாள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார், வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பேசியாக வேண்டும். கிருபா சதன் கட்டிய ரமாபாய்க்கு இது தெரிந்திருந்தது. வேலையில்லாமல் மடத்துக்கு வெளியே நின்ற பாமாவுக்கு வேறு விதமாகத் தெரிந்திருந்தது.

இரண்டு நூல்களையும் வாசித்து முடித்த பிறகு ஒருநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கணவர் மறுபடியும் குடிக்கத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார் அக்கா. நான் அன்று செய்தது தப்பு என்று சொன்னேன். கையை நிறுத்தாமலே சிரித்தார்.

“அத எப்பமோ மன்னிச்சாச்சு டீச்சர். நீங்க என்ன செய்விய, உங்கள அனுப்புனாங்க, வந்திய.”

எனக்குக் கிடைத்த கிருபை அது. எத்தனை எளிதாகக் கிடைத்துவிட்டது! வாங்கிக்கொண்டு எழுந்து போயிருந்தால் அவருடைய கணவருக்கும் எனக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. அதனால் உட்கார்ந்தேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ மனைவிக்கு அந்தச் சட்டம் உரிமை தருகிறது, அடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம், மனுப் போட உதவுவதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். அக்கா நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எந்த நாளில் போகலாம் என்று கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே நிறுத்தத்தில் நின்று அதே பஸ்ஸில் ஏறினோம். மனுப் போட்டாயிற்று, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சபையில் சிலர் என்னோடு பேசுவதில்லை. சனிக்கிழமை வகுப்பை மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். லூக்காவின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம், இன்னும் அதைத் தாண்டவில்லை. வசனத்தை வாசித்ததும் விளக்கம் சொல்ல இப்போது நான் முந்திக்கொள்வதில்லை. அக்காதான் முதலில் கேள்வி கேட்கிறார்.